அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு

அன்று என் அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகைப் பதிவு எடுக்காமல் எதையும் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர் ஜெபசிங். நூற்பாலையிலிருந்து வந்த மேலாளர் கோதண்டராமன். பெருமாயி என்கிற கூலிக்காரி. அவளுடைய மகள் நாகஜோதி. எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர் வெள்ளையம்மாள். அவளை யாரும் அழைக்கவில்லை, தானாகவே வந்து கதவோரம் நின்றுகொண்டாள். முதல் வகுப்புப் பிள்ளை அபிநயா. அவளை நான் அழைத்தேன். ஏழாவதாக, தலைமையாசிரியை ச. மங்கையர்க்கரசியாகிய நான். இந்த ஏழு பேரில் மரியாதை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று, நான் சொல்லி முடித்த பிறகு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

உங்கள் எண் பதினேழுதானே? இப்போதுதான் ஒன்பது ஓடுகிறது. நேரம் இருக்கிறது. என்னை அழைத்துவிட்டார்கள்; அழைத்துத் திருப்பி உட்காரவும் வைத்துவிட்டார்கள். மூன்றாம் மேசையில் காதில் கம்பி மாட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கருவூலத்துக்கு வந்து, நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நேரில் காட்ட வேண்டும். சரி, விதி. காட்டினேன். அவன் எதிரில் நின்றேன். அவன் ஒட்டிவைத்திருக்கிற அறிவிப்பில் மூன்று பிழைகளைச் சுட்டிக்காட்டினேன். செத்தவள் செய்கிற காரியமா அது? அவன் முகத்தையே நிமிர்த்தவில்லை. "அம்மா, பென்ஷன் புக்குல பொறந்த வருசம் ஒண்ணு இருக்கு, ஆதார்ல ரெண்டு வருசம் முன்னாடி இருக்கு. இதுல எது நீங்க?" என்றான். எது நீங்க! முப்பத்து நான்கு ஆண்டு பணியாற்றிய ஆசிரியையிடம் கேட்கிற கேள்வி இது.

என் தந்தையாரும் ஆசிரியர். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு ஆண்டு குறைத்து எழுதினார். பின்னால் உத்தியோகத்துக்குப் போனால் பெண்பிள்ளைக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேவை இருக்கட்டும் என்கிற முன்யோசனை. ஆதார் எடுத்தபோது என் தம்பி மகன், விவரமில்லாதவன், ஜாதகத்தில் இருந்த தேதியைக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம். 'இரண்டும் ஒருவரே' என்று அந்தப் பையன் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் தீர்ந்துபோகும். மாட்டானாம். கண்ணெதிரே ஆள் நிற்கிறேன், காகிதத்தைக் கேட்கிறான்.

அதற்கும் நான் சொல்ல வந்ததற்கும் சம்பந்தமில்லை.

இது நடந்து பதினொரு ஆண்டு ஆகிறது. ஜூலை மாதம். எனக்கு ஓய்வு பெற ஒரு கல்வியாண்டு மிச்சம் இருந்தது. திண்டுக்கல்லுக்கு வடக்கே வெள்ளைக்கரடு என்று ஓர் ஊர்; கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், கேள்விப்படும்படி அங்கே ஒன்றும் இல்லை. அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு வேப்பமரம். இருபத்திரண்டு ஆண்டு நான் அதன் தலைமையாசிரியை. என்னுடைய சேர்க்கைப் பதிவேட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, வெள்ளை மை பூசியது இல்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற பள்ளிகளில் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் எந்தத் துறை? நெடுஞ்சாலையா? அப்படியானால் உங்கள் பதிவேடுகளைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. சாலைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், பிறகு தவறாக எண்ணிவிடுவீர்கள். குழந்தைத் தொழிலாளர் முறையை என்னைப்போல் எதிர்த்தவர் அந்த ஒன்றியத்தில் எவரும் இல்லை. ஒவ்வொரு குழந்தைகள் தினத்தன்றும் எங்கள் பள்ளியிலிருந்து ஊர்வலம் புறப்படும். முழக்கங்களை நானே எழுதுவேன். தட்டிகளைப் பிள்ளைகள் செய்வார்கள். மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து மூங்கில் பிளந்து, பசை காய்ச்சி, ஒட்டி, உலர்த்தி. அதை வேலை என்று சொல்லக் கூடாது; பயிற்சி. நாகஜோதிதான் முதல் தட்டியைப் பிடித்து முன்னால் போவாள். வயதுக்கு மீறிய உயரம். காலை பத்தரைக்குக் கடைத்தெருவிலிருந்து எனக்குத் தேநீர் வாங்கி வருவதும் அவள்தான். ஒரு சொட்டுச் சிந்த மாட்டாள். அப்படி வளர்த்தேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நூற்பாலையின் வேன் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. முதலில் இறங்கியவர் மேலாளர் கோதண்டராமன். அத்தர் வாசனை அவருக்கு முன்பே இறங்கிவிட்டது. அடுத்து நாகஜோதி. பின்னாலேயே மொபெட்டில் அந்த ஆய்வாளர், பின்சீட்டில் பெருமாயி. அரசு அதிகாரி ஒருவர் கூலிக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு விசாரணைக்கு வருகிறார்! சட்டையை உள்ளே செருகவும் இல்லை. இந்த நாட்டில் சட்டம் ஏன் நிற்கவில்லை என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

கோதண்டராமன் உள்ளே வந்ததும் என் பீரோவைத் தட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கு மேடம்? பெயின்ட் உரியலையே?" என்றார். அந்த இரும்பு பீரோ மில் நிர்வாகம் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்தது. பதிவேடுகளை அதில்தான் வைத்துப் பூட்டியிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் நீட்டிய இனிப்புப் பெட்டியை நான் தொடவே இல்லை. மேசையின் ஓரத்தில்தான் வைக்கச் சொன்னேன்.

மில் விவகாரம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். அங்கேயே விடுதி, அங்கேயே சாப்பாடு. மூன்றாண்டு முடித்தால் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை. இடையில் நின்றால் ஒன்றும் கிடையாது. இடையில் நிற்க விடுவதும் கிடையாது. நாகஜோதி என்னிடம் ஐந்தாம் வகுப்பு முடித்து, பக்கத்து ஊரில் எட்டாவதும் முடித்து, ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு, முந்தைய ஆண்டு போய்ச் சேர்ந்திருந்தாள். சேர்த்தது யார்? பெருமாயி. கைநாட்டு வைத்துக் கொடுத்தது யார்? பெருமாயி. ஓராண்டு கழித்து, பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று மனு எழுதி வாங்கிக்கொண்டு அலைந்தது யார்? அதுவும் பெருமாயி. இந்த மனிதர்களுக்கு எதிலும் ஒரு நிலை கிடையாது.

ஆய்வாளர் உட்கார்ந்தார். பேசத் தொடங்கினார். மென்று விழுங்காமல் பேசினார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மேடம், இந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயசு முடியலைன்னு அம்மா சொல்றாங்க. முடியலைன்னா இங்கருந்தே, இப்பவே நான் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். மில்லு ஒரு வார்த்தை பேச முடியாது. முடிஞ்சிருச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. மனு, நோட்டீஸ், விசாரணைன்னு மாசக்கணக்குல இழுக்கும். அதுவரைக்கும் பிள்ளை விடுதிக்குள்ளதான்."

"மருத்துவரிடம் அனுப்பி எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கலாமே," என்றேன்.

"பள்ளிக்கூடத்துப் பதிவு இருக்கிறப்ப அது நிக்காது மேடம். உங்க எழுத்துத்தான் எல்லாத்துக்கும் மேல."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அந்த இளைஞர் சரியாகச் சொன்னார்.

பீரோவைத் திறந்தேன். பதிவேட்டை எடுத்தேன். வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு. சி. நாகஜோதி, தகப்பன் பெயர் சின்னாண்டி, பிறந்த தேதி ஒன்று ஆறு தொண்ணூற்றிரண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து முடிந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. கோதண்டராமன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாங்க டி.சி. பார்த்துத்தான் சார் எடுத்தோம். மேடம் குடுத்த தேதிதான் அதுலயும் இருக்கு," என்றார்.

ஆய்வாளர் எழுந்திருக்கவில்லை. விரலை வைத்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். "மேடம், இந்தப் பக்கத்துல பதினோரு பிள்ளைங்க இருக்காங்க. ஒம்பது பேரு ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்திருக்காங்களே?"

"ஆம். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. விதிக்கு உட்பட்டுப் பிறந்திருக்கிறார்கள்," என்றேன்.

வெள்ளையம்மாள் கதவோரத்தில் சிரித்தாள். சமையலர்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான்.

அப்போதுதான் பெருமாயி வாயைத் திறந்தாள். பூக்காட்டில் மல்லிகை பறித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். என் சிமென்ட் தரை முழுவதும் செம்மண் கால்தடம். "டீச்சரம்மா, கம்மா ஒடஞ்ச கார்த்திகையில பொறந்த புள்ளம்மா இது. பள்ளிக்கூடத்துக்குள்ள தண்ணி வந்து ஒம்பது நாளு லீவு விட்டீகளே, அந்த வருசம். வயித்துப் புள்ளையோட நாங் கோயில் மேட்டுல கெடந்தேன். அங்கனதான் பொறந்தா. உங்களுக்கு நெனப்பு இல்லையா?"

நினைவு இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாள். கண்மாய் உடைந்தது தொண்ணூற்று மூன்று நவம்பரில். ஒன்பது நாள் விடுமுறை என்று என் கையாலேயே பள்ளி நிகழ்வுக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். குறிப்பேடு அதே பீரோவின் இரண்டாம் தட்டில் இருந்தது. ஆனால் ஆய்வாளர் கேட்டது சேர்க்கைப் பதிவேட்டை; நிகழ்வுக் குறிப்பேட்டை அல்ல. கேட்காத கேள்விக்கு விடை எழுதினால் நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. பீரோவைச் சாத்தினேன்.

"ஐந்து வயது நிரம்பவில்லையென்றால் ஏன் பள்ளிக்கு அனுப்பினாய்?" என்று அவளைத்தான் கேட்டேன்.

"அண்ணங்கூடச் சோத்துக்கு வந்தவ டீச்சர். மூணரை வயசு. காட்டுக்குப் போறப்ப பாத்துக்கிற ஆளு இல்லைன்னு அனுப்புனேன். நீங்கதான், 'இருக்கட்டும் பெருமாயி, ஏட்டுலயும் ஏத்திக்கிறேன், ஒரு பேரு கொறையுது'ன்னு சொன்னீக."

சொன்னேன். மறைக்கவில்லை. அந்த ஆண்டு பட்டியலில் முப்பத்தொன்பது பெயர். நாற்பது இல்லையென்றால் இரண்டாவது ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுவார்கள். உதவிக் கல்வி அலுவலர் மறுவாரம் வருவதாக இருந்தார். ஒரு பள்ளியைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று மல்லிகை பறிக்கிறவளுக்கு எப்படி விளக்குவது? எவளும் எனக்கு நன்றி சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

கதவோரத்திலிருந்து வெள்ளையம்மாள் தொடங்கினாள். "ஆமாங்க சார். இடுப்புல வச்சு நான்தான் சோறு ஊட்டுவேன். முட்டை போடுற அன்னிக்கு மஞ்சக்கருவத் துப்பிரும். அஞ்சு வயசுப் புள்ளைக்கு யாராச்சும் ஊட்டுவாங்களா?"

"வெள்ளையம்மாள், அடுப்பில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். ஆக்கி, எறக்கி, தின்னும் முடிச்சாச்சு."

"அப்படியானால் பாத்திரத்தைக் கழுவு."

போகவில்லை. நின்றாள். நான் இருந்த காலத்தில் முதன்முறையாக என் சொல்லுக்கு ஒருத்தி அசையாமல் நின்றாள்.

துப்பட்டாவுக்குள் வலக்கையை ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள் நாகஜோதி. பெரியவர்கள் முன் கையை ஒளித்து நிற்பது ஒழுங்கீனம். "கையை வெளியே எடு," என்றேன். எடுத்தாள். மோதிர விரலின் மேல் கணு இல்லை. பழைய துணி சுற்றியிருந்தது.

"சின்ன அடிதான் மேடம். நாங்களே வைத்தியம் பார்த்துட்டோம்," என்றார் கோதண்டராமன்.

"மிஷினு ஓடிட்டு இருக்கிறப்பவே பஞ்சைத் தொடைக்கச் சொன்னாங்களாம்," என்றாள் பெருமாயி. "அதுக்கு அப்புறம் ஒருநா சுவரேறிக் குதிச்சு வந்துட்டா டீச்சர். வேன எடுத்துட்டு வந்து திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாக. இப்பப் பூட்டிப் போடுறாக. ரெண்டு வருசம் கெடக்கு இன்னும். இப்ப ஒரு கணு போச்சு. நாளைக்கு எது போகும்?"

கவனக்குறைவு. என் வகுப்பிலும் அவள் அப்படித்தான். வாய்ப்பாடு சொல்லும்போது சன்னலைப் பார்ப்பாள். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். இனி அந்தக் கையெழுத்து எப்படி இருக்குமோ, நான் பார்க்கவில்லை.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "மேடம், இந்தத் தேதியை எதை வச்சு எழுதினீங்க?"

எதை வைத்து என்று கேட்டால் அதற்கும் என்னிடம் விடை இருந்தது. அந்த நாளில் ஊரில் பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? பிள்ளையை நிமிர்த்தி நிற்க வைத்து, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து நிறைந்தது. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா. என் தந்தையார் செய்தார், அவருக்கு முன்னிருந்தவர் செய்தார். உங்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள், மறந்திருப்பீர்கள்.

அந்த இளைஞருக்கு இது தெரியவே தெரியாது. கான்வென்டில் படித்திருப்பார் போலும். "காதைத் தொட்டா அஞ்சு வயசா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார், ஏதோ மந்திரவாதத்தைக் கேட்பதுபோல. எனக்குப் பொறுக்கவில்லை. செய்முறை விளக்கம் இல்லாமல் எதையும் நான் நடத்தியதில்லை. முதல் வகுப்பிலிருந்து அபிநயாவை அழைத்தேன். பிறப்புச் சான்றிதழோடு சேர்ந்த பிள்ளை. ஐந்து முடிந்து எட்டு வாரம்.

"வலக்கை. தலைக்கு மேலே. இடக்காதைத் தொடு."

அபிநயா கையை வளைத்தாள். விரல் காதுக்கு மேலே நின்றுவிட்டது. எட்டவில்லை. குழந்தைகளுக்கு ஒழுங்காக நிற்கத் தெரியாது. அது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த செய்தி. அவள் தலையைப் பிடித்து வலப்பக்கமாகச் சற்றே சாய்த்தேன். தோளோடு சேர்த்துக் கொஞ்சம் அழுத்தினேன். தொட்டது.

"பார்த்தீர்களா?" என்றேன்.

அறையில் யாரும் பேசவில்லை. பாடம் புரிந்தால் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும்.

பிறகு ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார். "மேடம், அஞ்சு முடிஞ்ச பிள்ளைக்கே நீங்க சாய்ச்சாத்தான் எட்டுது. நாகஜோதிக்கும் இப்படிச் சாய்ச்சீங்களா?"

"எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முறைதான். பாகுபாடு காட்டுவது என் வழக்கம் அல்ல," என்றேன்.

அவர் தன் நாற்காலியை என் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், நோயாளியிடம் பேசுவதுபோல. "மேடம், தப்புன்னு எழுத வேண்டாம். உங்களை யாரும் குத்தம் சொல்லப் போறதில்ல. 'பிறப்புச் சான்று இல்லாததால் உத்தேசமாகப் பதிந்த தேதி'ன்னு ஒரே ஒரு வரி. கீழ கையெழுத்து. அந்த ஒரு வரி போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். பிள்ளை இன்னிக்கு வீட்டுல தூங்கும்."

ஒரு வரி! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். என் பதிவேட்டில் ஒரு தேதி உத்தேசம் என்று நானே எழுதினால், அதற்கு முன்னுள்ள நானூற்றுப் பதினொன்றும் பின்னுள்ளவையும் என்ன ஆகும்? அந்த நாற்பதாவது பெயர் என்ன ஆகும்? அந்தப் பெயரை வைத்துப் பத்து ஆண்டு சம்பளம் வாங்கிய பணியிடம் என்ன ஆகும்? அந்த ஆண்டு நல்லாசிரியர் விருதுக்கு என் பெயர் மாவட்டத்திலிருந்து பரிந்துரையாகிப் போயிருந்தது. செப்டம்பர் ஐந்துக்கு இன்னும் ஆறு வாரம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும், ஓர் அரசு ஊழியர் ஒரு வரி எழுதுவதற்கு முன் எதையெல்லாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

"எழுத இயலாது," என்றேன்.

"மேடம்..."

"பதிவேட்டில் உள்ளதற்கு மாறாக எழுத எனக்கு அதிகாரம் இல்லை. நீங்களும் அரசு ஊழியர். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

அப்போது பெருமாயி ஒரு காரியம் செய்தாள். காலில் விழுந்திருந்தால் எனக்குப் பழக்கம். எத்தனையோ தாய்மார்கள் விழுந்திருக்கிறார்கள், எழுப்பிவிட்டிருக்கிறேன். இவள் விழவில்லை. மேசைக்கு எதிரில் வந்து, எனக்குச் சரிசமமாக நின்றுகொண்டு, பூக்கறை படிந்த இரண்டு கைகளையும் என் மேசையின் மேல் ஊன்றினாள்.

"நாந்தான் டீச்சர் சேத்தேன். பதினாலு ஆச்சான்னு மில்லுக்காரரு கேட்டாரு, ஆச்சுன்னு பொய் சொன்னேன். அவரு டீசியப் பாத்தாரு, அதுலயும் அப்படித்தான் இருந்துச்சு. எம் மேலதான் தப்பு. இந்தா, அதிகாரி முன்னால சொல்றேன். செயிலுக்குப் போகச் சொன்னாலும் போறேன். நாஞ் சொல்லிட்டேன்ல. நீங்களும் உங்களுதைச் சொல்லுங்க."

என்ன துணிவு! எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, தன் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஏதோ பெரிய தகுதி என்று நினைத்துக்கொண்டு, என்னையும் அந்த வரிசையில் நிற்கச் சொல்கிறாள். அவளிடம் இழக்க என்ன இருந்தது?

"கையை எடு. மேசையில் கறை படிகிறது," என்றேன்.

எடுத்தாள். இனிப்புப் பெட்டியின் மேல் பட்டுவிடாமல் பார்த்து எடுத்தாள்.

நான் ஒரு முழுத்தாள் எடுத்தேன். இடப்பக்கம் ஓரம் விட்டேன். 'சி. நாகஜோதி என்ற மாணவியின் பிறந்த தேதி பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின்படி 1-6-1992 எனச் சான்றளிக்கப்படுகிறது.' ஒரு வரிதான். அவர் ஒரு வரி கேட்டார், நானும் ஒரு வரி கொடுத்தேன். கையொப்பமிட்டு முத்திரையை மையில் ஒற்றி வைத்தேன். சற்றும் சாயாமல், எழுத்துகள் அத்தனையும் துலங்க விழுந்தது. ஆய்வாளர் அதை வாங்கிப் படித்தார். மறுமுறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

"அப்போ நாங்க கிளம்பலாமா சார்? நாலு மணி ஷிஃப்டு," என்றார் கோதண்டராமன்.

வெள்ளையம்மாள் அப்போதுதான் பாத்திரம் கழுவப் போனாள். போகும் வழியில் தரையில் காறித் துப்பினாள். வெற்றிலை போடுகிறவள், வழக்கம்தான். அவள் மேல் மெமோ கொடுக்க நினைத்துப் பிறகு விட்டுவிட்டேன். செப்டம்பரில் விருது வந்தது. பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். நான் இருப்பது என் தம்பி வீட்டில்; அங்கே வந்தால் பார்க்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வளவும் முன்னுரை. மற்றவர்கள் மரியாதையில்லாமல் நடந்துகொண்டது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்களை நான் வளர்க்கவில்லை. நாகஜோதியை நான் வளர்த்தேன். ஐந்து ஆண்டு. வகுப்புக்குள் நுழையும்போது வணக்கம், வெளியேறும்போது வணக்கம், ஆசிரியர் வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வணக்கம். நாள்தோறும் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒருநாளும் தவறியதில்லை. தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதுகூட, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கூப்பி.

அபிநயா அந்த நேரம்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நான் கையை இறக்கச் சொல்லவில்லை, ஆகவே அவள் இறக்கவில்லை. தலை சாய்ந்தபடி, வலக்கை தலைக்கு மேலே, விரல் இடக்காதில். இடக்கையால் பாவாடையை இறுகப் பிடித்திருந்தாள். அழவில்லை. அதுதான் என் பயிற்சி.

நாகஜோதி சுவரிலிருந்து விலகி வந்தாள். என்னிடம்தான் வருகிறாள், விடைபெற வருகிறாள் என்று நினைத்து நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் என்னைக் கடந்து அபிநயாவிடம் போனாள். அந்தத் துணி சுற்றிய கையால் குழந்தையின் தலையைத் தொட்டு நிமிர்த்தினாள். தலை நிமிர்ந்ததும் விரல் காதை விட்டு நழுவி மேலே போய்விட்டது. அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். தோளைத் தேய்த்துவிட்டாள்.

எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தலைமையாசிரியை. அவளுக்கு எழுத்தறிவித்தவள். வணக்கத்தை ஏற்றுக்கொள்ள என் கையைப் பாதி உயர்த்தியும் விட்டேன்.

அவள் தாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. படியிறங்கி முற்றத்தைக் கடந்தாள். வேனின் கதவைத் தானே திறந்து, ஏறி, உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள்.